மூன்றாம் ஈட்டில் வெந்த லேபிள்

போன வாரம் லேபிள் ரோல் வந்து இறங்கியது. மொத்தம் 10,000. ஒன்றை உரித்து, எண்ணெய் நிரப்பிய பாட்டிலில் கையாலேயே ஒட்டி, நேரே தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துப் போனேன். கல்லாவில் இருந்த பெண் ஸ்கேனரைக் காட்டினார். ‘பீப்’ என்றது. பொருள் பதிவில் இல்லை என்று திரை சொன்னாலும் பதின்மூன்று எண்ணும் சரியாக விழுந்திருந்தன. அந்த ஒரு சத்தம் கேட்க எட்டு மாதம் ஆயிற்று. முதல் ஈட்டில் அடித்த லேபிளில் முக்கால்வாசி இன்னும் சித்தப்பா வீட்டு அட்டாலியில் கிடக்கிறது.

பாட்டில் சித்தப்பாவுடையது. காங்கேயம் பக்கம் வாகை மரச் செக்கு வைத்திருக்கிறார். சிவகிரி ஏலத்தில் எள் எடுத்து, கருப்பட்டி போட்டு ஆட்டுகிறார். இதுவரை கேனில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், அரை லிட்டர் பாட்டிலில் கடைகளுக்குப் போடலாம் என்று முடிவு செய்தார். லேபிள் டிசைன் என் தலையில் விழுந்தது. எனக்கு 12 வருடமாக ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும்தான் தொழில். பத்தடிக்கு எட்டடி போர்டு போடுகிறவனுக்கு உள்ளங்கை அகல லேபிள் எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஃபிளெக்ஸை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள், லேபிளை அரை அடியில் வைத்துப் படிப்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் ஈடு

முதல் தப்பு டேப்பில். தையல் டேப்பை வெறும் பாட்டிலைச் சுற்றி வைத்து 21 செ.மீ. என்று குறித்தேன். 2 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும் என்று லேபிள் நீளத்தை 212 மி.மீ. ஆக்கினேன். துணி டேப்புக்குத் தடிமன் உண்டு, கொஞ்சம் தளரவும் செய்யும். உண்மையான சுற்றளவு எண்ணெய் நிரப்பிய பிறகும் 208தான். 2 மி.மீ. ஏற வேண்டிய இடத்தில் 4 மி.மீ. ஏறியது. உணவு லைசென்ஸ் எண் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளேதான் இருந்தது. பதினான்கு இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒட்டுக்கு அடியில் போய்விட்டது.

இப்போது அளக்கும் விதம் வேறு. ஏ4 தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நிரப்பிய பாட்டிலில் இறுக்கமாகச் சுற்றி, தாள் இரண்டு மடிப்பாக இருக்கும் இடத்தில் குண்டூசியால் ஒரே குத்து. விரித்தால் இரண்டு ஓட்டை. இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்தால் சுற்றளவு. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் பாட்டில் சாய்வானது, செவ்வக லேபிள் அதில் கோணலாகத்தான் உட்காரும். எங்கள் பாட்டில் நல்லவேளையாக நேர்தான், விட்டம் 66 மி.மீ. பாட்டிலை நிரப்பிவிட்டு அளக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வெறும் பெட் பாட்டில் கை அழுத்தத்துக்கே உள்ளே போகும்.

பிரஸ்ஸில் ‘ஓப்பன் ஃபைல்’, அதாவது திருத்தக்கூடிய ஃபைல், கேட்டார்கள். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்ததை அப்படியே அனுப்பினேன். மேலே இருக்கும் பிராண்ட் பெயர் நானே வரைந்தது, அது கர்வ்ஸாகவே, அதாவது எழுத்தாக இல்லாமல் வரைகோடாகவே, இருந்தது. பின்பக்கத்துச் சின்ன எழுத்தெல்லாம் யூனிகோட் எழுத்துருவில் தட்டியது, அதை கர்வ்ஸாக்காமல் விட்டுவிட்டேன். அங்கே இருந்தது பழைய கோரல். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ‘நல்லெண்ணெய்’யில் ‘லெ’யின் கொம்பு ‘ல’வைத் தாண்டிப் போய் ‘ண்’ணுக்கு முன்னால் நின்றது. ‘கொ’, ‘செ’ எல்லாம் இதே கதி. ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது. பைக்கை ஓரம் கட்டி, பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் ‘ஓகே’ என்று அனுப்பியது நான்தான். ஆக, பிரஸ்காரரைச் சொல்லிக் குற்றமில்லை.

பழைய பாமினி காலத்து எழுத்துருக்களில் இந்தத் தொல்லையே கிடையாது. கொம்பைத் தனி எழுத்தாக முன்னாலேயே தட்டுவோம், அந்த எழுத்துரு இருக்கும் எந்தக் கணினியிலும் அப்படியே நிற்கும். நம் ஊர் பிரஸ்கள் இன்னும் அதை விடாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை.

1,000 லேபிள் வந்த அன்று சித்தப்பா ஒன்றை ஒட்டி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“கண்ணு, நல்லெண்ணெய் என்னத்துக்குப் பச்சையா இருக்குது?”

பச்சைதான். திரையில் பொன்னாக இருந்த நிறம் தாளில் பாசி படிந்த மாதிரி இருந்தது. நான் எடுத்தது ஆர்ஜிபி பொன்னிறம், திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை. பிரஸ்ஸில் அது தானாகவே சிஎம்ஒய்கே என்ற நாலு அச்சு மைக் கலவை ஆனபோது மஞ்சள் 100 சதவீதம், ரோஸ் நிற மெஜந்தா 34 ஆகியவற்றோடு நீல மையான சியான் 15 வந்து ஒட்டிக்கொண்டது. மஞ்சளுக்குள் கொஞ்சம் நீலம் போனால் பச்சை என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

பார்கோடு சங்கதி இன்னும் மோசம். இடம் போதவில்லை என்று அகலத்தை 22 மி.மீ.க்குச் சுருக்கினேன். வெள்ளைப் பெட்டி அழகைக் கெடுக்கிறது என்று கோடுகளை அடர் பழுப்பாக்கி, சந்தன நிறத்தின் மேல் வைத்தேன். இணையத்தில் இறக்கிய படம் அது, கோட்டு ஓரமெல்லாம் சாம்பல் மங்கல். ஸ்கேனர் பார்ப்பது சிவப்பு ஒளியில். பழுப்பில் இருக்கும் சிவப்பு அதன் கண்ணுக்கு வெள்ளை. மூன்று கடையில் முயன்றோம், ஒன்றிலும் எடுக்கவில்லை.

ஓரத்தில் முடி அளவுக்கு வெள்ளைக் கோடு. நிறத்தை வெட்டுக் கோட்டோடு நிறுத்தியிருந்தேன், கத்தி அரை மி.மீ. நகர்ந்தால் தாள் தெரியத்தானே செய்யும். இத்தனைக்கும் மேல், லேமினேஷன் இல்லாத குரோமோ தாள். எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் இரண்டே நாளில் வடைத் தாள் மாதிரி கண்ணாடியாகிவிட்டது.

செலவு: 13க்கு 19 அங்குலத் தாளில் ஆறு லேபிள், 167 தாள், தாளுக்கு 40 ரூபாய் வீதம் 6,680 ரூபாய். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் ஈடு

இந்த முறை டிசைனைத் தொடுவதற்கு முன்னால் அளவைப் பிடித்தேன். நீளம் 204 மி.மீ., சுற்றி ஒட்டினால் 4 மி.மீ. இடைவெளி விழும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும் யோசனையையே விட்டுவிட்டேன். லேபிளின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மேலே ஏறும் முனை ஒட்டாமல் வாய் பிளக்கும்.

உயரம் 78 இருந்ததை 75 ஆக்கினேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 13க்கு 19 தாளின் குறுக்கே அச்சாகும் அகலம் அந்த மெஷினில் 320 மி.மீ. லேபிள் 78, இரண்டு பக்கமும் ப்ளீட், அதாவது வெட்டுக் கோட்டைத் தாண்டி விடும் நிறம், 2 வீதம் சேர்த்தால் 82. நான்கு வைத்தால் 328, தாங்காது. மூன்றுதான் வைக்க முடியும். 75 என்றால் ப்ளீடோடு 79, நான்கு வைத்தால் 316. நீளவாக்கில் இரண்டு. தாளுக்கு ஆறாக இருந்தது எட்டாயிற்று. 3 மி.மீ. குறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. டிசைன் செய்வதற்கு முன் பிரஸ்ஸைக் கேட்க வேண்டிய கேள்வி இது: உங்கள் தாளில் அச்சாகும் அளவு என்ன?

ப்ளீட் சுற்றிலும் 2 மி.மீ. எழுத்தும் லோகோவும் வெட்டுக் கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே. ஓரத்தையொட்டி முன்பு போட்டிருந்த மெல்லிய பார்டரை எடுத்துவிட்டேன். கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் பார்டர் ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் மெலிதாகத் தெரியும், ஊரே கண்டுபிடிக்கும்.

எள் படம் சித்தப்பா மகன் செல்போனில் எடுத்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினான், நீள வாக்கில் 1,600 பிக்சல்தான் இருந்தது. 204 மி.மீ. என்பது 8 அங்குலம் சொச்சம். அங்குலத்துக்கு 300 வேண்டுமென்றால் 2,400க்கு மேல் தேவை. “அதையே டாக்குமென்டா அனுப்புடா தம்பி” என்றேன். அசல் வந்தது, 4,000 பிக்சல். வேறெந்த வேலையும் செய்யாமல் படம் தெளிவாகிவிட்டது.

தமிழ் எழுத்துக்கு இங்க்ஸ்கேப் என்ற டிசைன் மென்பொருளுக்குப் போனேன். இலவசம், தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. எல்லாவற்றையும் அங்கேயே தட்டி, பாதையாக (அதே கர்வ்ஸ்தான்) மாற்றி, கோரலுக்குக் கொண்டுவந்தேன். இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு சுற்ற வேண்டாம். எழுத்து அமைப்பில் இந்திய மொழி விருப்பத்தைத் திறந்து, பத்தி அமைப்பில் தெற்காசியக் கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு இடத்தில் உட்காரும். எதில் செய்தாலும் இரண்டு ஃபைல் வைத்துக்கொள்ள வேண்டும்: திருத்தக்கூடிய எழுத்தோடு ஒன்று, பாதையாக்கி அனுப்ப ஒன்று. நான் ஒன்றே வைத்திருந்தேன். கருப்பட்டியைச் சேர்மானத்தில் சேர்க்க மறந்தது தெரிந்ததும் அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி தட்டினேன்.

சட்ட விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் நாமாகச் சேர்ப்பது. அதனால் பின்பக்கம் நெரிசல்தான். சைவக் குறிக்குப் பச்சை வட்டம் 4 மி.மீ. விட்டம், சுற்றியுள்ள சதுரம் அதன் இரண்டு மடங்கு, 8 மி.மீ. ‘500 மி.லி.’ எழுத்தின் உயரம் 4 மி.மீ. வைத்தேன். எம்ஆர்பி, மில்லிக்கு என்ன விலை, பேட்ச், தேதி ஆகியவற்றுக்கு 40க்கு 15 மி.மீ. வெள்ளைக் கட்டம் விட்டேன். எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை, அதாவது அந்த உணவு லைசென்ஸ் எண்ணை, சரிபார்க்க வலமிருந்து இடமாக ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லி, தம்பி லைசென்ஸைப் பார்த்தான். நேராகப் படித்தால் வாய் தானாக ஒப்பித்துவிடும், கண் பார்ப்பதே இல்லை.

பொன்னிறத்துக்கு சியான் 0, மெஜந்தா 30, மஞ்சள் 100, கருப்பு 0. திரையில் மஞ்சள் கிழங்கு மாதிரி அடித்தது. திரையை நம்பாமல் ஒரே தாளில் மெஜந்தாவை 20லிருந்து 40 வரை ஐந்து ஐந்தாக ஏற்றி, ஐந்து பட்டை அடித்துத் தரச் சொன்னேன். சித்தப்பா எண்ணெயை டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்து, 35ஐக் காட்டினார். ஐந்து நிமிட வேலை, தாளுக்கு 60 ரூபாய்.

சித்தப்பா மகனுக்கு நடுவில் ஒரு ஆசை. லேபிளே இல்லாத மாதிரி கண்ணாடி ஃபிலிமில் அடிக்கலாம் என்றான். ஒரு தாள் அடித்துப் பார்த்தோம். அச்சு மை ஒளி ஊடுருவக்கூடியது. வெறுந்தாளில் பளிச்சென்று இருந்த பொன்னெழுத்து எண்ணெய்க்கு முன்னால் காணாமலே போயிற்று. அடியில் வெள்ளை மை ஒரு படலம் வேண்டும். அதை ஃபைலில் தனி ஸ்பாட் நிறமாக, அதாவது நாலு மையில் கலக்காத தனிப் பெயருள்ள நிறமாக, எழுத்தைவிட 0.1 மி.மீ. உள்ளடங்கியதாக வரைய வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளை பிதுங்கும். அந்த பிரஸ்ஸில் வெள்ளை மையே கிடையாது. 90 ரூபாயோடு அந்த ஆசை முடிந்தது.

சரி என்று வெள்ளைப் பிபி பிளாஸ்டிக் ஃபிலிமில், பளபள லேமினேஷனோடு போனோம். வட்ட மூலையோடு, பின்தாள் அறுபடாமல் லேபிளை மட்டும் வெட்டும் ஹாஃப் கட்டுக்காக வெட்டுக் கோட்டை மெஜந்தாவில் வரைந்து வைத்தேன். முதல் ப்ரூஃப் தாளில் எட்டு லேபிளைச் சுற்றியும் அழகாக ரோஸ் கோடு அச்சாகி வந்தது! எனக்கு அது வெட்டுக் கோடு, மெஷினுக்கு அது வெறும் மெஜந்தா கோடு. தனி ஸ்பாட் நிறமாக்கி, பிரஸ் சொல்லும் பெயரையே அதற்கு வைத்து, தனி லேயரில் போட்டு, அடி நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே போகச் சொல்லும் ஓவர்பிரிண்ட்டை டிக் செய்ய வேண்டும். ஓவர்பிரிண்ட் விட்டுப்போனால் கோடு அச்சாகாது, ஆனால் அது இருந்த இடத்தில் அடி நிறம் வெட்டுப்பட்டு வெள்ளைக் கோடு விழும். இந்தத் தடவை ப்ரூஃபைக் கையில் வாங்கிப் பார்த்ததால் ஒரு தாளோடு போயிற்று.

பிரஸ்ஸுக்குப் போகும் முன் வீட்டு லேசர் பிரிண்டரில் கருப்பு வெள்ளையாக அச்சடித்து, கத்தரித்து, செல்லோ டேப் போட்டுப் பாட்டிலில் ஒட்டிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அதிலும் ஒரு நாள் மண்டை காய்ந்தது. எவ்வளவு பார்த்தாலும் லேபிள் சின்னதாகவே வந்தது. பிரிண்டர் தாளுக்குள் அடக்குகிறேன் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றேழாகச் சுருக்கியிருந்தது. அன்றிலிருந்து ஃபைலின் வெளியோரத்தில் சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று வைத்திருக்கிறேன். அச்சானதும் முதலில் அதன் மேல்தான் ஸ்கேல்.

500 லேபிள், 63 தாள், தாளுக்கு 60 ரூபாய் வீதம் 3,780 ரூபாய். நிறம் சரி, கொம்பு சரி, ஓரம் சரி. எண்ணெயைத் துடைத்தால் போயிற்று. பார்கோடு கருப்பில், வெள்ளைப் பெட்டிக்குள், கோரலின் பார்கோடு கருவியிலேயே புதிதாக உருவாக்கியது. பத்துக்கு எட்டு தடவை எடுத்தது.

தேதிதான் கவிழ்த்தது. கையில் பிடித்து அடிக்கும் சின்ன இங்க்ஜெட் வைத்திருந்தோம், தண்ணீர் மைக் கார்ட்ரிட்ஜ். லேமினேஷன் மேல் அடித்த தேதி விரல் பட்டதும் இழுகியது. காலையில் அடித்ததை மாலையில் துடைத்தால் கட்டம் மறுபடி வெள்ளை! சால்வென்ட் மைக் கார்ட்ரிட்ஜ் வாங்கினோம், அது நின்றது. விலை இரண்டு மடங்குக்கு மேல்.

சின்ன எழுத்து இன்னும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. மெஷின் பழசு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஈடு

கடைகளில் போக ஆரம்பித்ததும் கையால் ஒட்டி மாளவில்லை. பழைய செமி ஆட்டோமேட்டிக் லேபிள் மெஷின் ஒன்று வாங்கினார்கள். அதற்கு ரோல் லேபிள் வேண்டும், அதாவது ஃபிளெக்ஸோ: ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி பிளேட்டில் மை தடவி ரோலில் அடிக்கும் அச்சு. தாளில் அடித்தபோது ஒரு லேபிள் ஏழரை ரூபாய். ரோலில் 10,000 எடுத்தால் 1 ரூபாய் 90 பைசா, தனியாக வெட்டும் டைக்கும் நிறத்துக்கு ஒன்றாக நாலு பிளேட்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய். பிளேட் என்று காசு கொடுத்த பிறகு ஃபைலில் தப்பு என்றால் மறுபடி காசு. பயத்தோடுதான் அனுப்பினேன்.

அங்கே பிரீபிரஸ், அதாவது அச்சுக்கு முன் ஃபைலைச் சரிபார்க்கும் வேலை, பார்க்கிற அண்ணன் அன்று மாலையே கூப்பிட்டார்.

“தம்பி, உங்க கருப்பு நாலு பிளேட்லயும் உக்காந்திருக்குதுங்க. ஆறு பாயிண்ட் எழுத்து. ஓட்டினா நாலு நிழல் தெரியும், பரவால்லீங்களா?”

மங்கலுக்குக் காரணம் மெஷின் இல்லை. இங்க்ஸ்கேப் வேலை செய்வது ஆர்ஜிபியில். அங்கிருந்து வந்த கருப்பு எழுத்து சிஎம்ஒய்கே ஆகும்போது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று நாலாகப் பிரிந்திருந்தது. கொம்பைச் சரிசெய்யப் போய் நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. ஃபிளெக்ஸோவில் நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று முடி பிசகாமல் உட்காராது, சின்ன எழுத்து என்றால் சாயம் பரவியது போலத் தெரியும். எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து கருப்பு 100, மற்றவை 0, ஓவர்பிரிண்ட். பார்கோடும் அப்படியே.

இதைப் பார்க்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருளில் பிடிஎஃபைக் கொண்டுவந்து, அச்சு முன்னோட்டத்தில் நிறங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். கருப்பை மட்டும் அணைத்தால் சின்ன எழுத்தெல்லாம் மறைந்துவிட வேண்டும். சியானை மட்டும் வைத்தால் பொன்னிறப் பகுதி வெள்ளையாக இருக்க வேண்டும். இந்த இரண்டை மட்டும் எட்டு மாதம் முன்பு பார்த்திருந்தால் பாதி அழுகை இல்லை.

அடுத்து கிரேடியன்ட். பிராண்ட் பெயருக்குப் பின்னால் பொன்னிறம் மெல்ல மெல்ல வெள்ளையில் கரைகிற மாதிரி வைத்திருந்தேன், திரையில் கண்ணுக்குக் குளிர்ச்சி. “பூஜ்யம் வரைக்கும் இறக்காதீங்க” என்றார். பிளேட்டில் மிகச் சின்னப் புள்ளிகள் நிற்காது. ஒன்று ரெண்டு சதவீதத்துக்குக் கீழே போனால் புள்ளி அறுந்து, கரைய வேண்டிய இடத்தில் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு ஓரம் விழும். 3 சதவீதத்தில் நிறுத்தி, பின்னணி முழுக்கவே அந்த 3 சதவீதம் இருக்கும்படி வைத்தேன். வெள்ளை கொஞ்சம் சந்தனமானது. யாரும் கேட்கவில்லை.

பழுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இருந்த சேர்மான வரியை இடம் மாற்றினேன். நாலு நிறத்துக்கு நடுவில் விட்ட வெள்ளை எழுத்து 6 பாயிண்டில் அடைபட்டுப் போகும். பெரிதாக்கவும் இடமில்லை, அதனால் வெளியே கருப்பாகக் கொண்டுவந்தேன்.

பார்கோட்டைப் படுக்கப் போடச் சொன்னார். எனக்கு மனமே இல்லை. அவர் சொன்ன காரணம் இது: லேபிள் நீளவாக்கில் ஓடுகிறது, கோடுகள் ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றால் மை இழுத்துக் கோடு தடிக்கும், ஓட்டத்தோடு போனால் தடிக்காது. மெலிதாக்க வேண்டிய அளவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நான் தொடக் கூடாது. உட்கார்ந்து யோசித்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. 66 மி.மீ. பாட்டிலில் நிற்க வைத்த பார்கோடு வளைவில் கிட்டத்தட்ட 54 பாகை சுற்றிப் போகிறது. 60 வரைதான் தாங்கும். அதனால்தான் பத்தில் இரண்டு தடவை முரண்டு பிடித்திருக்கிறது. சித்தப்பா அடுத்து 200 மில்லி பாட்டில் போடப் போகிறார், அதன் விட்டம் 48 மி.மீ. அதில் 75 பாகை ஆகிவிடும், எடுக்கவே எடுக்காது. ஏணிப்படி மாதிரி படுத்திருந்தால் வளைவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முழு அளவு 37.29க்கு 25.93 மி.மீ., திருப்பி வைத்தபோது 75 மி.மீ. உயரத்தில் தாராளமாகவே இடம் இருந்தது. முதல் ஈட்டில் இடமில்லை என்று சுருக்கினேனே, அந்த நினைப்பு வந்தது.

லேமினேஷனுக்குப் பதில் வார்னிஷ். தேதிக் கட்டத்தில் மட்டும் வார்னிஷ் விழாமல் 40க்கு 15 மி.மீ. ஜன்னல் விட, அதற்கும் ஒரு ஸ்பாட் நிறப் பெட்டி வரைந்து கொடுத்தேன். கார்ட்ரிட்ஜ் சால்வென்ட்தான், ஆனாலும் இப்போது அடித்ததும் காய்கிறது.

அடுத்த முறை மாற்றப் போவது ஒன்று உண்டு. இந்த 500 மில்லி லேபிளில் விலைக் கட்டம் பார்கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டியே இருக்கிறது, தேதி அடிக்கிறவன் கை தவறினால் எண் பார்கோட்டின் மேலேயே ஏறுகிறது. 200 மில்லியில் இரண்டையும் லேபிளின் இரு முனைக்குப் பிரிக்கிறேன்.

மெஷினில் ஓட்டியது ஞாயிற்றுக்கிழமை. ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். கோர், அதாவது ரோலின் நடுக் குழாய், என்ன அளவு? மெஷினைப் பார்த்து 3 அங்குலம் என்றேன், சரி. ரோலை அவிழ்த்தால் லேபிளின் எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும்? திரையில் டிசைனைப் பார்த்தபடியே, எழுத்து ஆரம்பிக்கிற பக்கம்தானே என்று ‘இடது’ என்றேன். மெஷினிடம் போய்க் கேட்கவில்லை. ரோலை மாட்டி முதல் பாட்டிலைப் படுக்க வைத்து மிதியை அழுத்தியதும் லேபிள் சுருக்கமில்லாமல் ஒட்டியது, தலைகீழாக. கழுத்துப் பக்கம் ‘500 மி.லி.’, அடிப்பக்கம் பிராண்ட் பெயர்.

தம்பி ரோலைத் திருப்பி மாட்டப் பார்த்தான். அப்போது பசைப் பக்கம் வெளியே வந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் சித்தப்பா ஆலன் கீயை எடுத்து, பாட்டிலின் அடி முட்டுகிற தடுப்பைக் கழற்றி எதிர்ப்பக்கம் போட்டு முறுக்கினார். “பாட்டிலைத் திருப்பிப் படுக்க வையி கண்ணு” என்றார். மூடி ஜன்னல் பக்கம் இருந்தது, இப்போது சுவர்ப் பக்கம். மணிக்கு 300 பாட்டில் ஓடுகிறது. மெஷினுக்கு மேல் சுவரில் தம்பி மார்க்கரால் ‘ரோல்: வலது முன்னால்’ என்று எழுதிவிட்டு, அதைக் கோடிட்டு அடித்து ‘இடது’ என்று மாற்றினான். தடுப்பு இனி அங்கேயேதான் இருக்கப் போகிறது.